காயலான் கடைத் தராசில் அலாயும் ஸ்டீலும்

என் மச்சினன் புதுக் கார் எடுக்கப் போகிறான். பேஸ் மாடலா, அதற்கு மேல் உள்ளதா என்று ஒரு மாதமாகக் குழப்பம். "மேல் மாடல்ல அலாய் வீல் வருது மாமா. அலாய்னா வெயிட் கம்மி, பிக்கப் நல்லா இருக்கும், மைலேஜும் கூடும்னு ஷோரூம்ல சொன்னாங்க" என்றான். சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. ஊரே சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே 15 அங்குல அலாய் ஒன்று விரிசலோடு இரண்டு வருஷமாகக் கிடந்தது. அது விரிந்த கதை பின்னால் வரும். பழைய விலைக்குப் போட்டுவிடலாம் என்று அதையும் மச்சினனையும் அழைத்துக்கொண்டு தெருமுனைக் காயலான் கடைக்குப் போனேன். அங்கே குவியலில் 14 அங்குல ஸ்டீல் ரிம் ஒன்று டயர் இல்லாமல், ஓரத்தில் கொஞ்சம் துருவோடு கிடந்தது. இவன் பார்த்த பேஸ் மாடலில் வருவதும் அதே அளவுதான். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் ஒவ்வொன்றாக எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். ஸ்டீல் 6.9 கிலோ. அலாய் 7.2 கிலோ.

மச்சினன் தராசின் தட்டைத் தட்டிப் பார்த்தான். அலாயைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தான். 7.2-தான். "விலை மட்டும் அலாய்க்குத்தான் சார் ஜாஸ்தி. அலுமினியம்ல" என்றார் கடைக்காரர், எங்கள் குழப்பம் புரியாமல்.

அலாய் என்றால் எடை குறைவுதானே, இது எப்படி என்று அவன் கேட்டதற்கு அன்றைக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கே வீல் என்று சொல்வது டயர் மாட்டும் உலோக வட்டை மட்டும். பஞ்சர் கடையில் அதை ரிம் என்பார்கள், டிஸ்க் என்பார்கள். பிரேக் டிஸ்க் வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அலாய் என்ற சொல்லுக்குக் கலப்பு உலோகம் என்று பொருள். அப்படிப் பார்த்தால் இரும்போடு துளி கரி சேர்ந்த எஃகும் ஓர் அலாய்தான். ஆனால் கார் உலகத்தில் அலாய் என்றால் அலுமினியக் கலவை. பெரும்பாலான கார்களில் வருவது அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கனும் சிட்டிகை மெக்னீசியமும் சேர்ந்தது.

மெக்னீசியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் பைக் ஓட்டுபவர்கள் இன்றைக்கும் 'மேக் வீல்' என்கிறார்களே, அந்த 'மேக்' மெக்னீசியத்தின் முதல் அசை. ஒரு காலத்தில் பந்தயக் கார்களின் வீல்கள் மெக்னீசியத்தில் வார்க்கப்பட்டன. அது அலுமினியத்தைவிடவும் லேசானது, ஆனால் சீக்கிரம் அரித்துப்போகும். தெருவில் ஓடும் வண்டிகள் அலுமினியத்துக்கு மாறிவிட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பார்முலா 1 கார்கள் இன்னமும் மெக்னீசியக் கலவையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு வீல் அரிக்கும் அளவுக்கு ஆயுசு கிடையாது.

ஸ்டீல் வீல் செய்வது தகட்டு வேலை. நீளமான எஃகுப் பட்டையை வளையமாக வளைத்து, இரு முனையையும் ஒட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டு டயர் உட்காரும் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். நடுவட்டைத் தனியே பிரஸ்ஸில் அடித்து, வளையத்துக்குள் வைத்து வெல்டு செய்வார்கள். தகட்டின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-களிலிருந்து செய்துவருவது இந்த மாதிரி வேலையைத்தான். வேகமாகச் செய்யலாம், மலிவாகச் செய்யலாம். ஆனால் தகட்டை அடித்து எடுப்பதால் அழகுக்கு அதிக இடம் கிடையாது. நாலு ஓட்டை போட்ட கறுப்பு வட்டு, அதை மறைக்க ஒரு பிளாஸ்டிக் வீல் கப். அந்தக் கப்பும் நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால் தெறித்துவிடும். ஓரத்தில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருக்கும் டாக்சிகளைக் கவனித்திருப்பீர்கள்.

அலாய், வார்ப்பு வேலை. உருக்கிய அலுமினியத்தை அச்சுக்குள் கீழிருந்து மெல்லிய காற்றழுத்தத்தில் ஏற்றுவார்கள். ஆறியதும் எடுத்து, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் சில மணிநேரம் வைப்பார்கள். உலோகத்துக்கு உறுதி அந்தக் கடைசிப் பக்குவத்தில்தான் வருகிறது. அப்புறம் கடைசல், பெயின்ட். அச்சில் என்ன உருவம் செதுக்கினாலும் வீலில் வரும். நட்சத்திரம், இலை, விசிறி, எது வேண்டுமானாலும். கார் கம்பெனிகளுக்கு அலாய் பிடித்துப்போனதற்கு எடையைவிட இந்தச் சௌகரியமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சரி, எடைக்கு வருவோம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.85 கிராம், அதே அளவு அலுமினியம் 2.7 கிராம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் அலாய் வீலும் ஸ்டீலின் மூன்றில் ஒரு பங்கு எடைதானே இருக்க வேண்டும்? இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது, அதே தடிமனில் செய்தால் அதே சுமைக்கு மூன்று மடங்கு வளைந்துகொடுக்கும். கல்யாண வீட்டில் பிரியாணி கிண்டும் அலுமினிய அண்டாவின் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பிறகு வீட்டு எவர்சில்வர் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். அண்டா அவ்வளவு தடியாக இருப்பது சும்மா இல்லை.

வீலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அது ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை அழுந்தி ஒருமுறை விடுபடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல், வண்டியின் ஆயுள் முழுக்க. எஃகுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை கோடித் தடவை அழுத்தினாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை, களைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் வடிவமைப்பவர்கள் கூடுதலாகவே சதை வைக்கிறார்கள். ஒரே அளவு, ஒரே அகலமுள்ள ஸ்டீலையும் வார்ப்பு அலாயையும் எடைபோட்டால், சாதாரணக் கார்களில் வித்தியாசம் வீலுக்கு ஒன்று, ஒன்றரை கிலோ வந்தாலே நல்ல சேமிப்பு. சிலவற்றில் அதுவும் இருக்காது.

காயலான் கடையில் நாங்கள் ஒரே அளவைக்கூட ஒப்பிடவில்லை. 14 ஸ்டீலையும் 15 அலாயையும் ஒப்பிட்டோம். ஆனால் ஷோரூமில் கிடைக்கும் தேர்வும் அப்படித்தானே இருக்கிறது? பேஸ் மாடலில் 14 ஸ்டீல், மேலே போனால் 15 அலாய், உச்சியில் 16 அலாய். அலுமினியத்தால் மிச்சப்பட்ட எடையை அளவைக் கூட்டுவதில் செலவழித்துவிடுகிறார்கள்.

வார்ப்பு மட்டுமே வழி என்றில்லை. வார்த்த வீலின் வெளிவளையத்தைச் சூட்டோடு உருளைகளால் அழுத்தி இழுத்து மெலிதாக்கும் முறை ஒன்று உண்டு, ஃப்ளோ ஃபார்மிங் என்பார்கள். மெலிந்தாலும் உறுதி கூடும். அதற்கும் மேலே ஃபோர்ஜிங், அதாவது கெட்டி அலுமினியக் கட்டையைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் அச்சுக்குள் அமுக்கி எடுப்பது. ஊற்றிய மாவுக்கும் பிசைந்து அடித்த மாவுக்கும் உள்ள வித்தியாசம்தான். உள்ளே காற்றுக் குமிழி இருக்காது, இழை இறுகியிருக்கும், அதனால் குறைந்த உலோகத்தில் அதே பலம். போர்ஷே 1966-இல் 911 எஸ் காரில் கொடுத்த ஐந்து இதழ் ஃபூக்ஸ் வீல் இந்த வகை. அலுமினிய வீலுக்கு வழிகாட்டி என்று அதற்கும் முந்தைய ஒன்றைச் சொல்வார்கள்: 1924-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பந்தயத்துக்கு வந்த புகாட்டி டைப் 35. எட்டுத் தட்டைக் கால்களோடு (ஸ்போக் என்பார்களே, அது), பிரேக் டிரம்மும் வீலும் ஒரே வார்ப்பாக இருந்தது. அன்றைக்கு அந்தக் காருக்கு டயர்கள் காலை வாரின, வீல் பெயர் வாங்கிவிட்டது. எடை குறைப்பதற்காகவே அலாய் என்ற பேச்சு முழு உண்மையாவது இந்த மாதிரி இடங்களில்தான். ஃபோர்ஜிங் வீல் விலையைக் கேட்டுவிட்டு வந்தால் பேஸ் மாடலே போதும் என்று தோன்றிவிடும்.

இனி மச்சினனின் பிக்கப்.

வண்டியில் எங்கே எடை இருந்தாலும் இன்ஜின் அதை இழுத்தாக வேண்டும். சுற்றுகிற எடைக்கு மட்டும் இரட்டை வேலை. முன்னால் நகர்த்தவும் வேண்டும், சுற்றவைக்கவும் வேண்டும். குயவர் சக்கரத்தின் விளிம்பில் வேண்டுமென்றே களிமண்ணையும் கல்லையும் ஏற்றிக் கனமாக்கியிருப்பார்கள். கோலால் ஒருமுறை சுற்றிவிட்டால் பானை முடியும்வரை ஓடும். சுற்ற ஆரம்பிப்பது கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம். பானைக்கு அது நல்லது, காருக்கு அதே குணம் பாரம். இரண்டிலும் எடை எவ்வளவு என்பதோடு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கு.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். டிக்கியில் இருக்கும் ஒரு கிலோ, ஒரு கிலோதான். டயரின் தரை தொடும் பரப்பில் இருக்கும் ஒரு கிலோவுக்கு வேகமெடுக்கும்போது இரண்டு கிலோவின் பாரம். வீலின் விளிம்பு அவ்வளவு தூரத்தில் இல்லை. 15 அங்குல வீலின் விளிம்பு மையத்திலிருந்து ஏறக்குறைய 19 செ.மீ., டயரின் வெளிப்பரப்பு 31 செ.மீ. இந்த விகிதத்தை வர்க்கமாக்கினால் 0.4-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆக, வீல் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ வண்டிக்கு 1.4 கிலோவாகத் தெரியும். நடுவில் இருக்கும் உலோகம் இன்னும் குறைவு. ஒரு கிலோ வீல் எடை பத்துக் கிலோவுக்குச் சமம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பிக்கப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கு மேல் போக வழியே இல்லை.

இப்போது தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அளவு மாறாமல் ஸ்டீலிலிருந்து அலாய்க்கு மாறி, வீலுக்கு ஒன்றரை கிலோ மிச்சம். நாலு வீலுக்கு 6 கிலோ, சுற்றும் பாரத்தையும் சேர்த்தால் எட்டரை கிலோவுக்குள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதிகூட இல்லை. ஆளோடு சேர்த்து ஆயிரம் கிலோ ஓடும் வண்டியில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. நூறைத் தொட 12 விநாடி ஆகும் காருக்கு அதனால் பத்தில் ஒரு விநாடி மிச்சமாகும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம், கிண்டி சிக்னலில் நிற்பவருக்கு இல்லை.

மச்சினன் பார்த்த வண்டியில் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே வீல் 300 கிராம் கூடுகிறது, அதன்மேல் மாட்டும் அகலமான டயரும் முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடும். டயர் எடை சுற்றளவில் இருப்பதால் அது கிட்டத்தட்ட இரட்டையாகத் தெரியும். நாலு சக்கரத்துக்கும் கூட்டினால் அலாய் போட்ட மாடல்தான் ஏழெட்டுக் கிலோ பாரத்தைக் கூடுதலாக இழுக்கிறது.

அவன் விடவில்லை. "ஆனா ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன் மாமா. மேல் மாடல் வளைவுல நல்லாத்தான் போகுது." அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டிய இடம் டயர்.

அந்த மாடல்களின் டயர் அளவுகளைப் பாருங்கள். பேஸில் 165/80 ஆர்14, அடுத்ததில் 185/65 ஆர்15. சில கார்களின் உச்ச மாடலில் 195/55 ஆர்16. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. மூன்றாவது, வீலின் விட்டம் அங்குலத்தில். பெருக்கிப் பார்த்தால் சுவர் உயரம் 132, 120, 107 மி.மீ. என்று இறங்கிக்கொண்டே வரும். ஆனால் டயரோடு சேர்த்த மொத்த விட்டம் மூன்றிலுமே 620 மி.மீ. சுமார்தான். வெளியே வட்டம் அதேதான். உள்ளே உலோகம் வளர்ந்து ரப்பரைத் தின்றிருக்கிறது. அகலமான டயருக்குப் பிடிப்பு கூடும். குட்டையான சுவர் குறைவாக வளைவதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி சட்டென்று திரும்பும். அவன் உணர்ந்தது அதைத்தான். தடியான வார்ப்பு என்பதால் அலாய்க்கும் அதில் சிறு பங்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதே அகலத்தில் 15 அங்குல ஸ்டீல் வீல் போட்டு, அதே டயரை மாட்டிக் கண்ணைக் கட்டி ஓட்டச் சொன்னால் கண்டுபிடிப்பவர் அபூர்வம்.

எடை குறைந்த வீலுக்கு உண்மையான பெருமை இருக்கும் இடம், பள்ளம் மேடு. காரின் உடம்பு ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வீல், டயர், பிரேக், வீலை மாட்டும் நடுக்குமிழான ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே. மேடு வந்தால் இந்தக் கீழ்ப்பாரம் முழுக்கத் துள்ளி எழ வேண்டும், எழுந்ததை ஷாக் அப்சார்பர் பிடித்துத் திரும்பத் தரையில் வைக்க வேண்டும். பாரம் குறைந்தால் சக்கரம் சாலையை ஒட்டியே ஏறி இறங்கும். கூடினால் மேட்டில் எகிறி ஒரு கணம் தரையை விட்டுவிடும், அந்தக் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் கையோடு நிற்கும். சிறிய கார் ஒன்றில் ஒரு மூலைக்கு இந்தக் கீழ்ப்பாரம் முப்பது கிலோ போல இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒன்றரை கிலோ ஐந்து சதவீதம். ஆயிரம் கிலோவில் எட்டு கிலோவோடு ஒப்பிட்டால் இது கணிசம். உடைந்த தார்ச் சாலையில் வேகமாக வளையும்போது லேசான வீல் காட்டும் நிதானம் கற்பனை இல்லை. ஆனால் அளவைக் கூட்டி எடையையும் கூட்டிய அலாய்க்கு இந்தப் பெருமையும் கிடையாது. சுவர் குட்டையான டயரும் சேர்ந்துகொண்டால் ஒவ்வொரு குழியும் முதுகுக்கு நேராக வந்துசேரும்.

பிரேக்கைப் பற்றியும் கேட்பார்கள். அலுமினியம் எஃகைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும், கால்களுக்கு நடுவே காற்றும் புகும், அதனால் பிரேக் கொஞ்சம் சீக்கிரம் ஆறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குபவரை எந்த வீலும் காப்பாற்றாது, இரண்டாவது கியர்தான் காப்பாற்றும். மைலேஜ் விஷயத்தில் எடையைவிடக் காற்று பெரிய ஆள். அகலத் திறந்த கால்கள் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைக் கலக்கி இழுவையைக் கூட்டும். மூடிய தட்டு வழுக்கிக்கொண்டு போகும். மின்சாரக் கார்கள் சிலவற்றில் நல்ல அலாய்மேலேயே பிளாஸ்டிக் மூடி போட்டு வருவது இதற்காகத்தான். நாம் ஏளனமாகப் பார்க்கும் வீல் கப்புக்கு வந்த யோகம்!

இப்போது விரிசல் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் விழுப்புரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துக்கு முன்னால் தண்ணீர் தேங்கிய இடம். ஆழம் தெரியவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், பல் கூசியது. வண்டி நேராக ஓடியது, ஸ்டியரிங் ஆடவில்லை, தப்பித்தோம் என்று வீடு வந்து சேர்ந்தேன். காலையில் பார்த்தால் முன் இடது டயரில் பாதிக் காற்று இல்லை.

பஞ்சர் கடைத் தம்பி சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி மெதுவாகச் சுற்றினார். டயரில் குமிழி இல்லை, வால்வில் இல்லை. திருப்பிப் போட்டார். ரிம்மின் உட்பக்கம், வண்டிக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாத பக்கத்தில், முத்து முத்தாக ஒரே கோட்டில் குமிழி கிளம்பியது. துடைத்துப் பார்த்தால் தலைமுடி போல ஒரு கீறல், கட்டைவிரல் நீளம். "வெல்டு வெச்சுத் தர ஆளு இருக்காங்க அண்ணே. ஓடும். ஆனா நான் வெச்சு வாங்கித் தர மாட்டேன். குடும்பத்தோட போற வண்டி" என்றார்.

அவர் சொன்னது சரி. சூடாக்கி, முக்கி, பக்குவப்படுத்திக் கொண்டுவந்த உறுதி, வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள இடத்தில் போய்விடும். ஒட்டிய இடம் பிடித்துக்கொள்ளும், அதன் பக்கத்து இடம் இளகி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வேறு கீறல் உள்ளே இருந்தாலும் தெரியாது.

வீட்டில் இரண்டு வகைத் தோசைக்கல்லும் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தகட்டுக் கல் கைதவறி விழுந்தால் நெளியும், சுத்தியலால் ஒரு தட்டு, சரியாகிவிடும். வார்ப்புக் கல் விழுந்தால் இரண்டாகும். ஸ்டீல் ரிம்மும் அதே பள்ளத்தில் உதடு மடங்கியிருக்கும். சம்மட்டியால் பெண்டு எடுத்து, சுற்றிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் ஸ்டெப்னிக்கு ஒதுக்கியிருப்பார்கள். நாள்பட நெளிந்ததும் வெல்டு விட்டதும் அதிலும் தூக்கிப்போட வேண்டியதுதான், ஆனால் நடுவழியில் நம்மை நிறுத்துவது குறைவு. அலாய் ஏதோ கண்ணாடி என்று நினைத்துவிட வேண்டாம். சிறு அடிகளில் ஸ்டீலுக்குச் சொட்டை விழும், விறைப்பான அலாய் ஒன்றுமே ஆகாமல் நிற்கும். பெரிய அடியில்தான் சாயம் வெளுக்கும். அங்கேயும் பாதிக் குற்றம் குட்டைச் சுவர் டயருடையது. 132 மி.மீ. ரப்பர் வாங்கிக்கொள்ளும் அடியை 107 மி.மீ. வாங்கிக்கொள்ளாது, ரிம்முக்குத் தள்ளிவிடும்.

வெளிச்சந்தையில் அலாய் வாங்கி மாட்டுகிறவர்களுக்கு நான் பயந்து சொல்வது ஒன்று உண்டு. நட்டுகள் உட்காரும் வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்பார்கள். நம் சிறிய கார்கள் பலவற்றில் நாலு நட்டு, 100 மி.மீ. பழைய ஃபியட் கார்கள் சிலவற்றில் 98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இதை அதில் வைத்து முடுக்கினால் நட்டு ஏறிவிடும், வீல் உட்கார்ந்ததுபோலவே தெரியும். ஆனால் நட்டு தன் குழியில் சரியாகப் பொருந்தாமல் ஓட ஓடத் தளரும். நடு ஓட்டையும் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், வீல் உள்ளே எவ்வளவு வாங்கி நிற்கிறது என்ற ஆஃப்செட்டும் ஒத்துவர வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் உரசும். வீலின் பின்புறம் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, ஜப்பானியத் தரமான ஜே.டபிள்யூ.எல். முத்திரையோ, கூடவே எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் வார்ப்பிலேயே பதிந்திருக்கிறதா பாருங்கள். வளைத்துப் பார்க்கும் சோதனை, உருட்டிப் பார்க்கும் சோதனை, மேலிருந்து பாரம் விழும் சோதனை என்று எல்லாவற்றையும் கடந்து வந்ததற்கு அடையாளம் அந்த முத்திரை. பெரிய கம்பெனி வீலின் சாயலில் முத்திரை ஏதுமில்லாமல் வருபவை பெரும்பாலும் எடையும் கூடுதல். நான் தொடமாட்டேன். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) நட்டுகளைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டீல் துருப்பிடிக்கும், கடலோர ஊர்களில் சீக்கிரமே. அலாய் துருப்பிடிக்காது, ஆனால் நடைபாதைக் கல்லில் உரசிப் பூச்சு போன இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். அது டயர் உட்காரும் விளிம்புக்குப் போய்விட்டால் காற்று மெல்லக் கசியும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மச்சினன் பேஸ் மாடலைத்தான் எடுத்தான். மிச்சப் பணத்தை வங்கியில் போட்டிருப்பான் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து வண்டியைக் காட்ட வந்தான். பளபளவென்று 14 அங்குல அலாய், நாலு. அளவைக் கூட்டவில்லை, டயரையும் மாற்றவில்லை. "வெயிட்டுக்காக இல்ல மாமா, பார்க்க நல்லா இருக்குல்ல?" என்றான். நல்லாத்தான் இருந்தது. கழற்றிய ஸ்டீல் ரிம்களில் இரண்டில் சிமென்ட் ஊற்றி, குழாய் நட்டு, மொட்டை மாடியில் ஷட்டில்காக் வலை கட்டியிருக்கிறான்.